கடைசி பஸ்ஸை விட்டுவிடுங்கள்: மலை வாக்குச்சாவடித் தன்னார்வலர்களுக்குக் கேள்வி பதில்

சட்டமன்றத் தேர்தல் பணிக்கு முன்வந்த நீலகிரித் தன்னார்வலர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. நான் கோத்தகிரிக்காரி. பல தேர்தல்களில் வாக்குச்சாவடி முகவராகவும் வாக்கு எண்ணும் முகவராகவும் இருந்திருக்கிறேன். முடிவு தகராறானால் சமவெளிக்காரர்களிடம் ஆதாரம் இருக்கிறது. மலையில் இருப்பவர்களிடம் ஆதங்கம் மட்டுமே இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் பதில் சொல்ல உட்கார்ந்தேன்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை அக்கா. சாவடிக்குள் உட்கார முடியுமா? (கல்லூரி மாணவர், குன்னூர்)

தனி ஆளாக முடியாது தம்பி. வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ படிவம் 10-இல் உங்களை நியமிக்க வேண்டும். சுயேச்சை வேட்பாளரும் நியமிக்கலாம். அது பிடிக்கவில்லை என்றால் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலைக்கு வாருங்கள். அங்கேதான் ஆள் பற்றாக்குறை.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பாதிப் பேர் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பெயர் நீக்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். (தோட்டத் தொழிலாளி, பந்தலூர்)

2025 நவம்பர் 4-இல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுவதும் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இறந்தவர்களும் நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆனால் லயத்து வீடு பகலில் பூட்டித்தான் கிடக்கும். கொழுந்து பறிக்கப் போனவரை ‘வீட்டில் இல்லாதவர்’ என்று எழுதினால் யார் தட்டிக் கேட்பது?

பகலில் போகாதீர்கள். இலை எடை போட்டு முடித்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகு போய், பட்டியலை வரிசை வரிசையாக வாசித்துக் காட்டுங்கள். விடுபட்டவருக்குப் படிவம் 6, பிழைத் திருத்தத்துக்குப் படிவம் 8. வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு எந்தப் பெயரையும் சேர்க்க முடியாது. பதிவு அலுவலர் மறுத்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் மறுத்தால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களில் தாத்தா பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். திருப்பூரிலேயே குடியேறிவிட்டவரின் பெயர் அங்கேதான் இருக்க வேண்டும். நம் பக்கத்து ஆள் என்பதற்காகப் பொய்யாகச் சேர்க்காதீர்கள்.

வயதானவர்களை எங்கள் ஜீப்பிலேயே சாவடிக்கு அழைத்துப் போகலாமா? (ஓட்டுநர், மசினகுடி)

மனது நல்லதுதான், ஆனால் ஆபத்து. வேட்பாளர் தரப்பு வாக்காளரை இலவசமாக ஏற்றிச் செல்வது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(5) பிரிவில் ஊழல் நடவடிக்கை. வழக்கில் நிரூபித்தால் வெற்றியே செல்லாமல் போகும். 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுக்க வேண்டும். ஜீப்பை அந்த ஐந்து நாளில் படிவம் கொண்டுபோக ஓட்டுங்கள்.

என் வாக்கை வேறு யாரோ போட்டுவிட்டால்?

திரும்பிப் போகாதீர்கள். அடையாளத்தை நிரூபித்து, 49பி (49P) விதியின்படி டெண்டர் வாக்குச் சீட்டு, அதாவது இயந்திரத்துக்குப் பதிலாகத் தரும் காகிதச் சீட்டு, கேளுங்கள். படிவம் 17பி-யில் பெயர் பதிவாகும். பிறகு வழக்கு வந்தால் அதுதான் சாட்சி.

வாக்குப்பதிவு நாளில் முகவர் எதைத் தவறவிடக் கூடாது? (இருவர் கேட்டது: கூடலூர், எருமாடு)

காலையில் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 வாக்குகள் போட்டு, எண்ணிப் பார்த்து, அழித்துவிட வேண்டும். யாருக்கு வாக்கு விழுந்தது என்று காட்டும் ஒப்புகைச் சீட்டுகளையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அழிக்க மறந்தால் எண்ணும் நாளில் அந்த இயந்திரத்தைத் தனியே ஒதுக்கிவைப்பார்கள். அதனால் விடியும் முன்பே அங்கே இருங்கள். இயந்திரங்களின் எண்களையும் சீல் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் 17சி. பதிவான வாக்குகளின் கணக்கு அது. தலைமை அலுவலர் கையெழுத்திட்ட நகலை ஒவ்வொரு முகவருக்கும் கொடுத்தாக வேண்டும். மலையில் நாம் தோற்கும் இடம் இதுதான். கடைசி பஸ் போய்விடும், இருட்டினால் சாலையில் யானை நிற்கும் என்று முகவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். பயம் நியாயமானது. அதற்கு வழி முன்கூட்டியே தேட வேண்டும்.

சேரம்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சாவடியில் நான் இருந்தேன். ஆறு மணிக்கு மூடுபனி ஜன்னல் வரை வந்துவிட்டது, மின்சாரமும் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கட்டுப்பாட்டுக் கருவியின் மொத்தத்தைப் பார்த்தோம்: 613. வாக்காளர் பதிவேட்டின் கடைசி எண் 614. நான்கு முகவர்களில் இருவர் ஏற்கெனவே போய்விட்டார்கள். பதற்றப்படாமல் பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. மதியம் ஒரு பாட்டி ரேகை வைத்துவிட்டு, “எனக்கு யாரும் வேண்டாம்” என்று பொத்தானை அழுத்தாமலே போய்விட்டார். 17சி-யில் அதற்கென்று தனி வரி இருக்கிறது. அதை நிரப்ப அலுவலர் மறந்திருந்தார். எழுதி வாங்க அரை மணி நேரம் ஆனது. எழுதாமல் விட்டிருந்தால், எண்ணும் நாளில் அந்த ஒரு வாக்கு வித்தியாசமே பெரிய வதந்தியாகியிருக்கும். அன்றிரவு சத்துணவு சமைக்கும் அம்மாவின் வீட்டில் படுத்தோம். முதல் வாரமே அவரிடம் பேசி வைத்திருந்தேன்.

ஊட்டியில் கேமரா அணைந்ததே, பாதுகாப்பு அறையை எப்படி நம்புவது? (கடைக்காரர், உதகை)

2024 மக்களவைத் தேர்தலில், ஏப்ரல் 27 மாலை, வாக்கு இயந்திரங்களைப் பூட்டி வைத்திருந்த பாலிடெக்னிக் கல்லூரிப் பாதுகாப்பு அறையின் கேமராக் காட்சிகள் சுமார் 20 நிமிடம் தெரியாமல் போயின. தொழில்நுட்பக் கோளாறு என்று நிர்வாகம் விளக்கியது. உங்கள் கவலை எனக்கும் இருந்தது. ஆனால் கவலையைத் தீர்ப்பது சீல் எண்தான். அறை திறக்கும்போது உங்கள் நோட்டில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கேமராப் பதிவுகளை நம்பி நாள் கடத்தாதீர்கள். வழக்கு இல்லையென்றால் 45 நாளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று 2025 மே மாதம் தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது.

முடிவு சந்தேகமாக இருந்தால் என்ன வழி?

எண்ணிக்கையை அறிவித்ததும், வெற்றியை அறிவிக்கும் முன் உள்ள சில நிமிடங்கள்தான் முக்கியம். எந்தச் சாவடி, எந்தச் சுற்று, என்ன காரணம் என்று எழுதி மறு எண்ணிக்கை கேளுங்கள். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் ஏழு நாளுக்குள் 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கக் கேட்கலாம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் வழிசெய்தது. அதற்கு மேல் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. அதை ஒரு சாதாரண வாக்காளரும் தொடரலாம்.

வழக்கு நீளும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்குகள். தபால் வாக்குகளை நிராகரித்ததுதான் பிரச்சினை. 2019-இல் மறு எண்ணிக்கை நடந்தது, ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கு முடியும் முன் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. தென்காசியில் 2021-இல் வித்தியாசம் 370. 2023-இல் தபால் வாக்குகளை மறுபடி எண்ணியும் வென்றவரே வென்றார். அங்கே சந்தேகம் தீர்ந்ததும் ஒரு நன்மைதான்.

சாவடிக்கு என்ன எடுத்து வர வேண்டும்? (முதல்முறை முகவர், கோத்தகிரி)

ஸ்வெட்டர், டார்ச், இரண்டு பேனா, சின்ன நோட்டு, மதியச் சோறு. உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லை, அதனால் எல்லா எண்ணையும் கையால் எழுத வேண்டும். இரவு தங்கும் வீட்டுக்காரருக்கு இன்றே சொல்லி வையுங்கள் தங்கச்சி.