ஈறு கரைவது கிருமியாலா, நம் உடலாலா?

ஈறு நோய் என்பது உடலே உடலைத் தாக்கும் நோய் என்று படித்தேன். அப்படியானால் பல் துலக்கி என்ன பயன்?
மதுரை வாசகர்

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் படித்ததில் பாதிதான் உண்மை. பல்லும் ஈறும் சேரும் இடுக்கில் கிருமிகள் படலமாகப் படிகின்றன. அவற்றை அழிக்க வெள்ளையணுக்கள் திரண்டு வருகின்றன. அவை வெளியிடும் நொதிகள் கிருமியோடு ஈறின் நார்களையும் அரிக்கின்றன. அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால், எலும்பைக் கரைக்கும் செல்கள் தூண்டப்பட்டு, பல்லைத் தாங்கும் எலும்பு இறங்குகிறது. கரைப்பது நம் உடல்தான்; அதைக் கிளப்பிவிடுவது கிருமி. 1965இல் டென்மார்க்கில் ஈறு நோய் ஆய்வாளர் ஹாரால்ட் லோவின் குழு, நல்ல ஈறுகள் கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தது. மூன்று வாரங்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஆறிவிட்டது. உண்மையான தன்னுடல் தாக்குநோய் வெறும் பல் துலக்கலால் இப்படி ஆறாது. எனவே தயவுசெய்து துலக்குங்கள்.

நான் இரண்டு வேளையும் துலக்குகிறேன், பல் ஆடுகிறது. என் கணவர் ஏனோதானோவென்று துலக்குபவர். அவர் பல் உறுதியாக இருக்கிறதே?
திண்டுக்கல் வாசகி

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில். அதே லோவின் குழு 1970 முதல் 15 ஆண்டுகள், 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து வந்தது. பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ இல்லாதவர்கள். எல்லோர் பல்லிலும் காரை, எல்லோர் ஈறிலும் அழற்சி. ஆனாலும் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 சதவீதம் பேருக்கு மிதமாக. 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. அழுக்கு ஒன்றுதான், உடல் அதற்குக் காட்டிய எதிர்வினை வேறு. இன்றைய ஈறு மருத்துவம் அவர்களிடம் பாடம் கற்றது. அவர்களுக்கு மருத்துவம் எட்டாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது.

உங்கள் உடல் கொஞ்சம் அதிகமாகக் கொந்தளிக்கும் வகையாக இருக்கலாம். சர்க்கரையைப் பரிசோதியுங்கள், ஈறு நிபுணரிடம் காட்டி வேர்வரை சுத்தம் செய்துகொள்ளுங்கள். கணவர் புகைப்பவரா? அப்படியானால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். புகை, ரத்தக்கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடும்.

எனக்கு முடக்குவாதம். ஈறைச் சரிசெய்தால் மூட்டு வலி குறையுமா?
தஞ்சாவூர் வாசகி

குறையும் என்று வாக்களிக்க மாட்டேன். ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. தொடர்பு மட்டும் பலமாகத் தெரிகிறது. போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்னும் ஈறுக் கிருமியிடம், நம் புரதங்களில் உள்ள ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலின் என்ற வேறொன்றாக மாற்றும் நொதி உண்டு. மாறிய புரதத்தை உடல் அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்கலாம். உங்களுக்கு எடுத்திருப்பார்களே 'ஆன்டி சிசிபி' என்ற ரத்தப் பரிசோதனை, அது தேடுவது இந்த வகை எதிர்ப்பொருளைத்தான். முடக்குவாதம் இங்கேதான் தொடங்குகிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

ஈறுச் சிகிச்சை பல்லுக்காகவே உங்களுக்கு அவசியம். விரல் மடங்காவிட்டால் பிரஷ்ஷின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மருந்து சாப்பிட்டால், அதைப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் மாத்திரை உதவுமா?
வேலூர் வாசகர்

வேண்டாம். வாங்கும் காசில் பல்லிடுக்குப் பிரஷ் வாங்குங்கள்.

வயது 52. ஈறு செக்கச்செவேலென்று இருக்கிறது. துலக்கினால் தோல் உரிகிறது, காரம் பட்டால் உயிர் போகிறது. இரண்டு முறை பல் சுத்தம் செய்தும் பயனில்லை.
கோவை வாசகி

இந்த வாரம் என்னைக் கவலைப்பட வைத்த கடிதம் உங்களுடையது. நீங்கள் எழுதியிருப்பது, உடல் தன் சொந்தத் தோலையே தாக்கும் நோய்களின் அறிகுறியாக இருக்கலாம். லைக்கன் பிளானஸ், பெம்ஃபிகாய்டு, பெம்ஃபிகஸ் மூன்றும் இப்படித்தான் தெரியும். பெம்ஃபிகஸ் பலருக்கு வாயில்தான் முதலில் தலைகாட்டும். தோலில் கொப்புளம் வர மாதங்கள் ஆகலாம். அதனால்தான் சுத்தம் செய்தே நாட்கள் கழிந்துவிடுகின்றன.

கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்வது கடினம். சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். அதைப் புண்ணின் நடுவில் எடுத்தால் பார்க்க வேண்டிய மேல்தோலே இருக்காது. புண்ணை ஒட்டிய பகுதியில் எடுக்க வேண்டும். ஒரு பங்கு, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போகும். எதிர்ப்பொருள் எங்கே படிந்திருக்கிறது என்று ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனைக்கான பங்கை ஃபார்மலினில் போடக் கூடாது, அதற்குத் தனித் திரவம் உண்டு. இந்தச் சோதனைக்கும் சேர்த்து எடுக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

அதுவரை மிருதுவான பிரஷ், நுரை குறைந்த, காரமில்லாத பற்பசை. துலக்குவதை விட்டுவிடாதீர்கள், படலம் சேர்ந்தால் எரிச்சல் கூடும். நோய் உறுதியானால் ஸ்டீராய்டு ஜெல்லோ மாத்திரையோ தருவார்கள். கண்ணில் உறுத்தலும் சிவப்பும் இருந்தால் ஈறுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் கண் மருத்துவரிடம் போங்கள். பெம்ஃபிகாய்டு கண்ணில் தழும்பு உண்டாக்கிப் பார்வையைப் பறிக்கக்கூடியது.