வாசகர் கேள்வி – பதில்: ரோட்டை அகலப்படுத்தினால் புறநகர் நெரிசல் தீருமா?

சென்னைப் புறநகரிலிருந்து டிராபிக் பற்றிய கேள்விகள் ஏராளமாக வந்துவிட்டதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில். சினிமா, சமையல் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

வேளச்சேரி – தாம்பரம் சாலையில் காலையில் மாட்டினால் உயிர் போகிறது. பேசாமல் எல்லாவற்றையும் எட்டு வழியாக அகலப்படுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? – வாசகர், மேடவாக்கம்

தீரும், கொஞ்ச காலத்துக்கு. எவ்வளவு காலம் என்று தெரிய வேண்டுமானால் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓ.எம்.ஆரை, அதாவது பழைய மகாபலிபுரம் சாலையைப் பாருங்கள். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டரை ஆறு வழியாக்கி, ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்து 2008இல் திறந்தார்கள். அப்போது அதில் போனவர்கள் இது நம் ஊர்தானா என்று வாயைப் பிளந்தார்கள். மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைப்பதற்கு வெகு முன்பே அந்த ஆறு வழியும் அலுவலகம் விடும் நேரத்தில் நிரம்பி வழிய ஆரம்பித்துவிட்டது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. நெரிசலுக்குப் பயந்து விடிந்ததும் கிளம்பியவர், ரோடு அகலமானதும் எட்டரை மணிக்கு நிதானமாகக் கிளம்புவார். சந்துபொந்தில் புகுந்து போய்க்கொண்டிருந்தவர் மெயின் ரோட்டுக்கே வருவார். ரயிலில் தொங்கிக்கொண்டு போனவருக்கு பைக் ஞாபகம் வரும். இவர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஊரில் இருப்பவர்கள், நேரத்தையும் வழியையும் மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். இனி வரப்போகிறவர்தான் பெரிய கணக்கு. அகலமான ரோட்டைக் காட்டி விற்கும் ஃபிளாட்டை வாங்கிக்கொண்டு புதிதாகக் குடிவருகிறாரே, அவர்.

அவர் வருவதற்குச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். எதிரில் இருக்கும் ரோடு 18 மீட்டர், கிட்டத்தட்ட 60 அடி அகலம் இருந்தால், அடுக்குமாடிக்கு 3.25 வரை உண்டு. அதற்கு மேல் பணம் கட்டி பிரீமியமாக இன்னும் 50 சதவீதம் வரை வாங்கலாம். ஆக, நெரிசலைக் குறைக்க என்று ரோட்டை அகலமாக்கினால், அதே ரோட்டில் கூடுதலாகக் குடும்பங்களை ஏற்றவும் சேர்த்தே அனுமதி கொடுத்தாகிறது. இந்த இரண்டு கணக்கையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கிறவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

நம் ஊரில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகருக்கு மேற்கே கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலையை சுமார் 280 கோடி டாலர் செலவில் அகலப்படுத்தி 2008இல் முடித்தார்கள். சர்வீஸ் ரோட்டையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 வழி! முதலில் பயண நேரம் குறையத்தான் செய்தது. ஆனால் 2011இலிருந்து 2014க்குள் காலை நேரப் பயணம் 30 சதவீதமும் மாலைப் பயணம் 55 சதவீதமும் நீண்டுவிட்டன. இடமும் பணமும் குறைவில்லாத ஊரிலேயே இந்தக் கதி. டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க நகரங்களின் இருபதாண்டுக் கணக்கை எடுத்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ரோடு எத்தனை சதவீதம் கூடுகிறதோ, வண்டிகள் ஓடும் மொத்த தூரமும் கிட்டத்தட்ட அதே சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது.

ரோட்டை அகலப்படுத்தினால் நிறையப் பேர் பயணம் செய்ய முடியும், அதை மறுக்கவில்லை. அதுவும் ஒரு நன்மைதான். ஆனால் உங்கள் கேள்வி நெரிசல் தீருமா என்பது.

அப்படியானால் புது ரோடே போட வேண்டாம் என்கிறீர்களா? – வாசகர், ராஜகீழ்ப்பாக்கம்

கோபம் வேண்டாம். எதிரும் புதிருமாக இரண்டு பஸ் வந்தால் ஒன்று ஓரங்கட்டி நிற்க வேண்டிய சாலைகள் புறநகரில் இன்னும் இருக்கின்றன, அவற்றை அகலப்படுத்தித்தான் ஆக வேண்டும். நாலு வழியாக வரும் ரோடு ஒரு கல்வெர்ட்டிலோ நிலத்தகராறில் நிற்கும் ஒரு கட்டடத்திடமோ இரண்டு வழியாகச் சுருங்கும் இடங்களும் அப்படித்தான். நடைபாதைக்கும் பஸ் ஒதுங்கி நிற்கவும் இடம் எடுப்பதும் சரி. ஏற்கெனவே ஆறு வழி இருப்பதை எட்டாக்குவதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. அதிலும் எட்டாக்குவதற்காக முதலில் நடைபாதையையும் மரத்தையும்தான் எடுக்கிறார்கள், பிறகு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போக முடியாதவர் பைக் வாங்குகிறார்.

மேடவாக்கத்தில் அவ்வளவு நீளமான பாலம் கட்டினார்களே, அப்புறமும் ஏன் நிற்கிறோம்? – வாசகி, பள்ளிக்கரணை

அந்தப் பாலம் 2022இல் முழுதாகத் திறந்தது, வேளச்சேரி விஜயநகர் இரண்டடுக்குப் பாலமும் அதை ஒட்டிய காலத்தில்தான் வந்தது. நேராகப் போகிறவர்களுக்கு அந்தந்தச் சந்திப்பில் காத்திருப்பது குறைந்தது உண்மை. ஆனால் பாலம் வண்டிகளை வேகமாகக் கொண்டுபோய் அடுத்த சிக்னலில் சேர்க்கிறது. அந்தச் சிக்னல் பழைய மாதிரியே இருந்தால், நீங்கள் முன்பு ஓரிடத்தில் நின்றதை இப்போது வேறோர் இடத்தில் நிற்கிறீர்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். தடையே இல்லாத ஒரு வழியில் மணிக்குச் சுமார் 1,800 முதல் 2,000 கார் வரை போகலாம். அதே வழி ஒரு சிக்னலுக்கு வந்து, 120 விநாடியில் 30 விநாடிதான் பச்சை என்றால், மணிக்கு 500 கார் போனாலே பெரிது. ஆக, சாலையின் நடுப்பகுதி எவ்வளவு அகலம் என்பதை விட சந்திப்பு எத்தனை வண்டியை வெளியே விடுகிறது என்பதுதான் உங்கள் காலை நேரத்தைத் தீர்மானிக்கிறது. புனலின் வாயை மட்டும் அகலமாக்கிக்கொண்டே போனால் கீழே சொட்டுவது கூடாது. முழுச் சாலையையும் இடித்து அகலப்படுத்தும் செலவில் ஒரு சிறு பங்கை எடுத்து, சந்திப்புக்கு முன்னால் ஒரு நூறு மீட்டருக்கு மட்டும் ஒரு வழி கூட்டலாம், இடதுபுறம் திரும்புகிறவர்களைத் தனியாகப் பிரித்துவிடலாம், சந்திப்பை ஒட்டியே இருக்கும் பஸ் ஸ்டாப்பையும் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டையும் தள்ளி வைக்கலாம். இதற்கெல்லாம் திறப்பு விழா வைக்க முடியாது, அதுதான் சிக்கல்.

இன்னொன்று உங்கள் பகுதியின் நில அமைப்பு. ஓ.எம்.ஆருக்கும் வேளச்சேரி – தாம்பரம் சாலைக்கும் நடுவில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் கிடக்கிறது. உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம், அதில் மிச்சம் இருப்பதையாவது தொடாமல் விட வேண்டும். அதனால் கிழக்கு மேற்காகப் போக வேண்டியவர்களுக்கு வடக்கே தரமணி இணைப்புச் சாலை, நடுவில் துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடி ரேடியல் சாலை, தெற்கே மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் சாலை என்று பெரிய வழிகள் மூன்றே. மேற்கே தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் போனால் ரயில் பாதை குறுக்கே நிற்கிறது, அதைத் தாண்டவும் சில பாலங்கள், சில சுரங்கப்பாதைகள்தான். குரோம்பேட்டை ராதா நகர் சுரங்கப்பாதை பத்தாண்டுக்கும் மேலாக இழுத்ததை அந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் கேட்டால் எட்டாவது வழிக்கு முன்னால் இப்படி நாலு சுரங்கப்பாதை கேட்பேன்.

அப்புறம் நம் லேஅவுட்டுகள். ஒவ்வொரு புரமோட்டரும் தன் மனைகளுக்கு மட்டும் இருபது, முப்பது அடி ரோடு போட்டு, கடைசி மனையோடு நிறுத்திவிட்டார். பக்கத்து நகருக்குப் போக வழி கிடையாது, நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். அதனால் அடுத்த தெருவில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் குழந்தையை விடப் போகிறவர் கூட மெயின் ரோட்டுக்கு வந்து, தூரத்தில் இருக்கும் மீடியன் இடைவெளியில் யூ டர்ன் போட்டு, திரும்ப உள்ளே நுழைய வேண்டும். பக்கத்துத் தெருவுக்குப் போகிறவரும் மேல்மருவத்தூர் போகிறவரும் ஒரே ரோட்டில் நின்றால் எத்தனை வழி இருந்தும் போதாது. இரண்டு நகர்களுக்கு நடுவில் ஒரு சுவரை உடைத்து இருபது அடி இணைப்பு கொடுத்தால் நடக்கிற நன்மை, மெயின் ரோட்டை அகலப்படுத்துவதில் வருவதை விட அதிகம் என்பது என் கட்சி. ஆனால் குடியிருப்போர் சங்கத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், 'எங்க தெருவுல வெளி வண்டி வரக் கூடாது' என்று முதலில் எழுகிறவர் மெயின் ரோடு நெரிசலைப் பற்றி மனு எழுதியவராகத்தான் இருப்பார்.

ஓ.எம்.ஆரில் மெட்ரோ ஓட ஆரம்பித்ததும் ரோடு காலியாகிவிடுமா? – வாசகர், நாவலூர்

ஆகாது. மேலே சொன்ன அதே இருவரின் ஆய்வு, பொதுப் போக்குவரத்தைக் கூட்டியதால் வண்டிகள் ஓடும் தூரம் குறைந்ததற்கும் ஆதாரம் இல்லை என்றுதான் சொல்கிறது. காரை வீட்டில் விட்டுவிட்டு ஒருவர் மெட்ரோவில் ஏறினால், அவர் விட்ட இடத்துக்கு இன்னொரு கார் வந்துவிடும். ரோட்டை அகலப்படுத்தச் சொல்கிறவர்களிடம் இந்த நியாயத்தைப் பேசிவிட்டு, மெட்ரோவுக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் அது நேர்மையாக இருக்காது.

ஆனாலும் வித்தியாசம் உண்டு. மெட்ரோ வந்தால் நெரிசலில் நிற்பது உங்கள் விருப்பமாகிவிடும், இன்றைக்கு அது கட்டாயம். தாம்பரத்தைப் பாருங்கள், கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931இலேயே வந்துவிட்டது, ஜி.எஸ்.டி. ரோடு ஸ்தம்பித்தாலும் அங்கே இருப்பவருக்கு வேறு வழி இருக்கிறது. ஓ.எம்.ஆரில் முதலில் ரோடு, அப்புறம் கம்பெனிகள், அப்புறம் அடுக்குமாடிகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் ரயில். பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரி வரை வந்தது, அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர், அதுவும் ஒரு சின்னத் துண்டு நிலத் தகராறில் வருஷக்கணக்காகத் தொங்கியது.

ரோட்டில் வண்டியைக் குறைத்துக் காட்டிய ஊர்கள், நெரிசலான நகர்ப்பகுதிக்குள் நுழையும் வண்டிக்குக் கட்டணம் வைத்த ஊர்கள்தான். சிங்கப்பூர் 1975இலேயே ஆரம்பித்தது, லண்டன் 2003இல். ஸ்டாக்ஹோம் 2006இல் சில மாதம் சோதனையாகப் போட்டதிலேயே நகருக்குள் நுழையும் வண்டிகள் 20 சதவீத அளவுக்குக் குறைந்தன, அடுத்த வருஷம் அதை நிரந்தரமாக்கினார்கள். நம்மிடமும் ஓ.எம்.ஆரில் டோல் இருந்ததே என்பீர்கள். அது ரோடு போட்ட செலவை எடுக்க வாங்கியது, காலை ஒன்பது மணிக்கும் நள்ளிரவுக்கும் ஒரே கட்டணம். 2021இல் நான்கு சாவடிகளை மூடியபோது எல்லாரும் கைதட்டினோம், நானும்தான். ஏறுவதற்கு பஸ்ஸே இல்லாத இடத்தில் நெரிசல் கட்டணம் கேட்பது அநியாயம், எனவே அதைப் பற்றிப் பேச இன்னும் நாள் இருக்கிறது.

பஸ்ஸுக்குத் தனி வழி ஒதுக்கினால் இருக்கிற நெரிசல் இன்னும் கூடாதா? – வாசகர், பல்லாவரம்

காரில் இருப்பவருக்குக் கூடும். ஒரு பஸ் ரோட்டில் சுமார் மூன்று கார் இடத்தை அடைக்கிறது, அதற்குள் அறுபது பேர். மூன்று காருக்குள் பெரும்பாலும் நாலு பேர், அஞ்சு பேர். இந்தக் கணக்கு தெரிந்தும் ஒரு வழியைப் பஸ்ஸுக்குக் கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை. அதனால் இருக்கிற ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் என்றால் நான் கேட்பது ஒன்றுதான், புதிதாக வரும் அந்த ஒரு வழியையாவது முதல் நாளிலிருந்தே பஸ்ஸுக்கு என்று எழுதிவிடுங்கள். பழக்கமான பிறகு பிடுங்கினால்தான் சண்டை வரும்.

திட்டமிடுவது எப்படி நடக்கிறது என்பதற்குக் கிளாம்பாக்கம் போதும். 2023 டிசம்பர் கடைசியில் பிரமாண்டமான பஸ் நிலையத்தைத் திறந்தார்கள், எதிரிலேயே ரயில் பாதை ஓடுகிறது, ஆனால் திறந்த அன்றைக்கு அங்கே ஒரு ரயில் நிலையம் இல்லை. வெளியூரிலிருந்து பெட்டியோடு இறங்கியவர் எல்லாம் மறுபடி ஜி.எஸ்.டி. ரோட்டுக்குத்தான் வந்தார். ரயில், பஸ், மெட்ரோ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதற்கென்றே கும்டா என்ற ஆணையத்துக்கு 2010இல் சட்டம் போட்டார்கள், அதன் முதல் கூட்டம் நடந்தது 2022இல்.

எல்லாம் சரி, நான் கார் வாங்கலாமா வேண்டாமா? வீட்டில் தினமும் சண்டை. – வாசகர், கூடுவாஞ்சேரி

மழைக்கும் வயதான பெற்றோருக்கும் என்றால் வாங்குங்கள். ஆபீஸுக்கு என்றால் வேண்டாம், உங்கள் ஊரில் ஸ்டேஷன் இருக்கிறது, சீசன் டிக்கெட் விலை காரின் ஒரு மாதத் தவணைக்குப் பக்கத்தில் கூட வராது. வீட்டில் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.