லைசென்ஸ், ஹெல்மெட், டி.வி.எஸ். 50: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

நான் 2011-ல் லைசென்ஸ் எடுத்தபோது 20 வருஷம் கொடுத்தார்கள். என் தம்பிக்கு 34 வயது, போன மாதம் எடுத்தான், அவனுக்கு 10 வருஷம்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் தப்பாகப் போட்டுவிட்டார்களா?

தப்பு இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி 20 வருஷம், அல்லது 50 வயது, எது முந்தியோ அதுவரை. 2019 திருத்தம் அதை மாற்றிவிட்டது. 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை செல்லும், 30 தாண்டி 50-க்குள் எடுத்தால் 10 வருஷம். உங்கள் கார்டு அதில் போட்ட தேதி வரை செல்லும், கவலை வேண்டாம். ஆனால் தேதி முடிந்தபின் முன்பு கிடைத்த 30 நாள் சலுகை இப்போது கிடையாது, ஒரு வருஷம் தாண்டிப் போனால் மறுபடி எட்டு போட்டுக் காட்ட வேண்டும்.

ஹெல்மெட் சட்டம் 2015-ல்தானே வந்தது?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1989 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவிலேயே ஹெல்மெட் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்றார்கள், கொஞ்ச நாள் பரபரப்பு, அப்புறம் எல்லாம் பழையபடி. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2015 ஜூலை 1 முதல் கண்டிப்பு என்றதும்தான் ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள், அந்த ஜூன் கடைசியில் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்துக் குவித்து விற்றதில் பாதி, ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் ஒட்டிய பிளாஸ்டிக் சட்டி. அபராதம் மட்டும் 100 ரூபாயிலேயே நின்றது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் 1,000 ஆக்கியும் நம் மாநிலம் அதை 2022 அக்டோபரில்தான் எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் மூன்று வருஷம் வீணாகப் போனது.

இன்னொன்று, பட்டை மாட்டாத ஹெல்மெட் சட்டப்படி ஹெல்மெட்டே இல்லை. பட்டையை மாட்டியபின் பின்தலைப் பக்கம் கை வைத்து முன்னால் தள்ளிப் பாருங்கள், கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. நாலு வயது தாண்டிய குழந்தைக்கும் வேண்டும், பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துப் போகிற அப்பாக்கள் கவனிக்க.

காரில் பின்சீட்டுக்கும் பெல்ட்டா?

ஆமாம். விதி ரொம்ப நாளாக இருக்கிறது, 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் போய் இறந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. மாட்டாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய்.

நான் 16 வயதில் லைசென்ஸ் எடுத்து டி.வி.எஸ். 50 ஓட்டினேன். என் மகனுக்கு மட்டும் ஏன் முடியாது?

அந்த விதி போகவில்லை சார், வண்டிதான் போய்விட்டது. 16 வயதில் 50 சி.சி.-க்கு மேற்படாத வண்டி ஓட்டலாம் என்று சட்டத்தில் இன்றும் இருக்கிறது. பெடல் மிதித்து ஸ்டார்ட் செய்வோமே, அந்த டி.வி.எஸ். 50 அந்தக் கணக்குக்குள் வந்தது. இன்றைய எக்ஸ்.எல். கிட்டத்தட்ட 100 சி.சி., ஸ்கூட்டிகளும் அந்த அளவைத் தாண்டியவைதான். "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று சாவி கொடுத்து அவன் மாட்டினால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உங்களுக்கு, ஆர்.சி. ஒரு வருஷம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். போட்டுக் கூட்டி வாருங்கள், எட்டு போட நான் சொல்லித் தருகிறேன்.