‘பேசவும்’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். துணைவேந்தர்களைப் பற்றிய தொகுப்பு நூல் ஒன்றுக்கு டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரைப் பற்றி எழுதித் தருமாறு கேட்டிருக்கிறார்கள். 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், பெயர்பெற்ற மகப்பேறு மருத்துவர், 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவின் தலைவர், 1961-இல் உலக சுகாதாரப் பேரவையின் தலைவர், 1963-இல் பத்ம விபூஷண் என்று எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக எழுதி முடித்துவிட்டேன். படித்துப் பார்த்தால் உயிரே இல்லை. எங்கே தவறினேன்? ‘கல்வித் தந்தை’ என்று தலைப்பிடலாமா? உயர்கல்வியில் ஆங்கிலமே நீடிக்க வேண்டும் என்ற அவருடைய நிலைப்பாட்டை விட்டுவிடலாமா?

செ.

அன்புள்ள செ.,

நீங்கள் இணைத்திருந்த பன்னிரண்டு பக்கங்களையும் படித்தேன். கடைசி இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ‘கல்வித் தந்தை’ வேண்டாம். கல்லூரி தொடங்கிய ஒவ்வொருவரின் சுவரொட்டியிலும் அது இருக்கிறது. ஆங்கிலத்தைப் பற்றிய அவருடைய கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் அதை விட்டுவிடாதீர்கள். 27 ஆண்டுகள் ஒரே நாற்காலியில் இருந்தவரின் பிடிவாதத்தை மறைத்துவிட்டு எழுதுவதற்குப் பேசாமல் ஒரு பொன்னாடை போர்த்திவிடலாம். பட்டங்களையும் தலைமைப் பொறுப்புகளையும் ஒரு பத்தியில் அடக்குங்கள்.

உயிர் இல்லை என்று நீங்களே கண்டுகொண்டதில் எனக்கு மகிழ்ச்சி. சில வாரங்களாக இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரனைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் உங்கள் முதலியார் திரும்பத் திரும்ப வந்து நின்றார். உங்கள் கட்டுரையின் ஆறாம் பக்கத்திலோ ‘இயற்பியல் துறையை வளர்த்தார்’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. வளர்த்தார், மேம்படுத்தினார், பாடுபட்டார் என்ற மூன்று வினைகளை வைத்துக்கொண்டே பன்னிரண்டு பக்கங்களையும் ஓட்டியிருக்கிறீர்கள். வகுப்பில் ஒரு மாணவன் இப்படி எழுதிக் கொடுத்தால் நீங்கள் மதிப்பெண் போடுவீர்களா? எப்படி வளர்த்தார் என்பதல்லவா கேள்வி!

இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க வருமாறு முதலியார் முதலில் சர் சி. வி. ராமனை அழைத்தார். ராமன் வர மறுத்து, தம் மாணவர் ராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். நோபல் பரிசு பெற்றவருக்கென்று போட்ட நாற்காலியில் முப்பது வயது இளைஞரை உட்கார வைப்பதா என்று தயங்குவதற்கு எந்தத் துணைவேந்தருக்கும் நியாயம் உண்டு. முதலியார் 1952-இல் அவரையே துறைத்தலைவராக அமர்த்தினார். எக்ஸ்-கதிரால் படமெடுத்துப் பொருள்களின் உள்ளமைப்பைக் கண்டறியும் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மகப்பேறு மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாருடைய சொல்லை நம்பலாம் என்று தெரிந்திருந்தது. அதே ஆண்டு சென்னைக்கு வந்த பிரிட்டன் படிகவியலாளர் ஜே. டி. பெர்னல், தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னதை ராமச்சந்திரன் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது; மாதிரிகளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கங்காருவின் வால் தசைநாண்தான் நல்ல எக்ஸ்-கதிர்ப் படங்களைத் தந்தது. 1954-இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் முப்புரி அமைப்பை ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தார்கள். ஆள் வந்து இரண்டே ஆண்டுகள்!

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் கதைக்குப் போக வேண்டும்.

இளமையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாக இருந்தேன். ஒரு கிராமத்து வீட்டுப் பரணில் கிடந்த ஏட்டுக் கட்டுகளைப் படமெடுக்க ஆறு ஃபிலிம் சுருள்கள் வாங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். கோப்பு திறந்தார்கள். இளநிலை உதவியாளர் குறிப்பு எழுதினார், கண்காணிப்பாளர் சுருக்கொப்பமிட்டார், அதற்கு மேலே இருந்தவர் ‘விதியில் இடமுண்டா?’ என்று ஓரத்தில் கேட்டார். கடைசியில் பச்சை மையில் ஒரே சொல்: ‘பேசவும்’. யார் யாரிடம் பேச வேண்டும் என்று அதில் இல்லை. ஐந்து மாதம் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அந்தக் கோப்பு மேசை மேசையாகப் படுத்துக் கிடந்தது. அதற்குள் ஐப்பசி மழையில் பரண் ஒழுகி, நனைந்து ஒட்டிப்போன ஏடுகளை அந்த வீட்டு அம்மாள் கிணற்றடியில் போட்டுவிட்டார். நான் போனபோது கட்டுக் கயிறு மட்டும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அப்போதைய துணைவேந்தர் கெட்டவர் அல்லர். அவர் காலத்தில்தான் அழகான நுழைவாயில் கட்டினார்கள். கருங்கல்லில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள். ‘கங்காரு வால் தசைநாண்’ என்று ஒரு தேவைப்பட்டியல் அந்தப் பச்சை மைக்காரரின் மேசைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இயற்பியல் துறைக்கு வால் எதற்கு என்று கேட்டு மூன்று குழு போட்டிருப்பார். சென்னையில் அந்தக் கேள்வி வேலையை நிறுத்தவில்லை. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’, ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, 1963-இல் அதே துறையிலிருந்துதான் வெளிவந்தது. கட்டடத்துக்கு அடிக்கல் உண்டு, தேதி உண்டு. தடுக்காமல் இருந்ததற்குக் கல்வெட்டு கிடையாது. அதனால்தான் உங்கள் பட்டியலில் அது அகப்படவில்லை. முதலியாருடைய வாழ்க்கையை முதலியாரிடம் தேடாதீர்கள். ராமச்சந்திரனிடம் தேடுங்கள், அதே பல்கலைக்கழகத்தின் தாவரவியலில் டி. எஸ். சதாசிவனிடமும் தத்துவத்தில் டி. எம். பி. மகாதேவனிடமும் தேடுங்கள்.

ஒரே ஆள் 27 ஆண்டுகள் இருந்தது சரியா என்று கேட்பார்கள். சரியில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஒரு நிறுவனத்தின் நற்குணங்கள் ஒரு மனிதரின் நற்குணங்களாகவே இருந்துவிட்டால், அவர் எழுந்து போகும்போது அவையும் கூடவே போய்விடும். முதலியாரின் காலம் 1969-இல் முடிந்தது. 1970-இல் ராமச்சந்திரன் சென்னையை விட்டுப் போனார்; பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை உருவாக்கினார். இந்த இரண்டு ஆண்டுகளையும் உங்கள் கட்டுரையில் அடுத்தடுத்த வரிகளில் வையுங்கள், விளக்கம் எழுதாதீர்கள்.

அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது, 1952-ஆம் ஆண்டின் ஆட்சிக்குழுக் கூட்டக் குறிப்புகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த நியமனத்தை ஒட்டிய தாள் கைக்குக் கிடைத்தால், அதில் என்ன மையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.