கிரேக்கப் புராணம்: பட்டியலை மூடி வையுங்கள், கதையில் தொடங்குங்கள்

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டு படிக்கிறேன். பாடத்தில் வரும் கவிதைகளில் அடிக்கடி கிரேக்கக் கடவுள்களின் பெயர்கள் வருகின்றன. பன்னிரண்டு தெய்வங்களையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தேன், இரண்டே வாரத்தில் மறந்துவிட்டது. தவிர, ஒரே கதை இடத்துக்கு இடம் வேறு மாதிரி இருக்கிறது. எது சரி? தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். எங்கே தொடங்கலாம்?

பதில்: பட்டியல் மறந்துபோனதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் இருபது சொந்தக்காரர்களை வரிசையாக அறிமுகம் செய்துவைத்தால் மறுநாள் யார் ஞாபகத்தில் இருப்பார்? பந்தியில் சண்டை போட்டவர் மட்டும்தான். கிரேக்கத் தெய்வங்களையும் அவர்கள் சண்டை போடும் இடத்தில் போய்ப் பார்த்தால்தான் மனதில் நிற்பார்கள்.

முதலில் ‘எது சரி’ என்பதைப் பார்த்துவிடுவோம். இதுதான் அதிகாரபூர்வமானது என்று கிரேக்கர்களிடம் ஒரே புனித நூல் இருந்ததில்லை. ஊருக்கு ஊர், புலவருக்குப் புலவர் கதை மாறியது. ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி, கடவுள்களின் அரசன் சியூஸுக்கும் டயோனி என்ற தேவிக்கும் பிறந்த மகள். ஏறக்குறைய அதே காலத்துப் புலவர் ஹீசியட், அவள் கடல் நுரையிலிருந்து தோன்றினாள் என்கிறார். கம்பனில் அகலிகை கல்லாகிறாள். வால்மீகியில் கல்லாவதில்லை, யார் கண்ணிலும் படாமல் காற்றை உண்டு கிடக்கிறாள். நாம் இரண்டையும் வைத்துக்கொண்டுதானே இருக்கிறோம்? அதே மனநிலை இங்கேயும் போதும். உங்கள் நோட்டில் ஒவ்வொரு கதைக்குப் பக்கத்திலும் யார் சொன்னது, எந்தக் காலத்தில் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

மெடூசாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீசியடிடம் அவள் கோர்கன் என்ற அரக்கிச் சகோதரிகள் மூவரில் ஒருத்தி, அவ்வளவுதான். அழகியாக இருந்து, அதீனாவின் தண்டனையால் கூந்தல் பாம்பான பெண் என்று இப்போது எல்லோரும் சொல்லும் கதை ஓவிட் சொன்னது. அவர் சுமார் 700 ஆண்டுகள் பிந்தியவர், ரோமானியர், எழுதியது லத்தீனில். உலகத்தில் துன்பங்களைத் திறந்துவிட்ட பண்டோராவிடம் இருந்ததும் பெட்டி அல்ல, தானியம் கொட்டி வைக்கிற பெரிய சாடி. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் லத்தீனில் எழுதும்போது அதைப் பெட்டியாக்கிவிட்டார். இலியடைப் படித்து முடித்துவிட்டு ‘மரக்குதிரை எங்கே?’ என்று தேடாதீர்கள். அது ட்ராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. கிரேக்க வீரன் அகிலிஸின் குதிகால் கதையும் அதில் கிடையாது.

சரி, எங்கே தொடங்குவது? பலரும் படைப்புக் கதையில் தொடங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே முதல் சில பக்கங்களிலேயே பெயர்கள் வந்து குவியும், மறுபடியும் பட்டியல்தான். விளைச்சல் தெய்வம் டிமீட்டரைப் பற்றிய பழைய துதிப்பாடலை முதலில் எடுங்கள். மொத்தம் 495 வரி, ஒரே நாளில் முடித்துவிடலாம்.

டிமீட்டரின் மகள் பெர்சிஃபோனி புல்வெளியில் பூப்பறிக்கிறாள். ஒரே வேரிலிருந்து நூறு பூ பூத்த நார்சிசஸைப் பார்த்துக் கை நீட்டுகிறாள். பூமி பிளக்கிறது, பாதாள அரசன் ஹேடிஸ் தங்கத் தேரில் வந்து தூக்கிப் போகிறான். அப்பன் சியூஸ் இதற்கு முன்பே தலையாட்டியிருக்கிறான். தாய் டிமீட்டர் கையில் தீப்பந்தத்தோடு, உண்ணாமல் குளிக்காமல் ஒன்பது நாள் தேடுகிறாள். அப்புறம் கிழவி வேடத்தில் எலூசிஸ் ஊர்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிடுகிறாள். ஒரு வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். மது கொடுத்தால் வேண்டாம் என்கிறாள், பார்லி மாவும் புதினாவும் கலந்த தண்ணீர் கேட்கிறாள். கடைசியில் அவள் கோபத்தில் ஒரு விதையும் முளைக்காமல் போக, மனிதர்கள் பட்டினியில் சாக, கடவுள்களுக்குப் படையல் நிற்கும் நிலை வந்ததும்தான் சியூஸ் இறங்கி வருகிறான். ஹெர்மிஸ் தூது போகிறான். ஆனால் ஹேடிஸ் ஏற்கெனவே பெர்சிஃபோனிக்கு ஒரு மாதுளை விதையை ஊட்டிவிட்டான். அதனால் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு அவள் கீழே இருந்தாக வேண்டும்.

யாருக்கு எந்த இலாகா, சியூஸின் அதிகாரம் எதுவரை செல்லும், ஹெர்மிஸ் ஏன் பாதாளம் வரை போய்வர முடிகிறது என்பதெல்லாம் மனப்பாடம் இல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இதே கதையை ஓவிடில் பாருங்கள்: ஏழு விதை, ஆறு ஆறு மாதம். நாம் படிக்கிற துதிப்பாடல் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியை நம்பி நிற்கிறது. அது 1777இல் மாஸ்கோவில் அகப்பட்டிருக்காவிட்டால், ஏழு விதைதான் ஆதிக்கதை என்றுகூட நினைத்திருக்கலாம்.

இதற்குப் பிறகு ஹீசியடின் தியோகோனி, அதாவது கடவுள்களின் வம்சக் கதை. சுமார் ஆயிரம் வரி. பென்சிலை வைத்துக்கொண்டு வம்ச மரம் வரைந்தபடி படியுங்கள். யுரேனஸ், க்ரோனஸ், சியூஸ் என்ற மூன்று தலைமுறை மட்டும் பிடிபட்டால் போதும். தாத்தா பிள்ளைகளை வெளியே விடாமல் அடைத்தான். அப்பன் பிள்ளைகளை விழுங்கினான். பேரன் சியூஸுக்குப் பதில் துணியில் சுற்றிய கல்லைக் கொடுத்து அப்பனை ஏமாற்றினார்கள். அவன் கக்கிய அந்தக் கல் டெல்ஃபி என்ற கோயில் ஊரில் இருந்ததாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயணி பாசேனியஸ், அதற்குத் தினமும் எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். எண்ணெய்க் கல்லைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி விளக்கம் இல்லாமலே புரியும்.

ஹோமரை முழுக்க முடிக்க வேண்டும் என்று இப்போதே மலைக்க வேண்டாம். ஒடிஸியில் 9 முதல் 12 வரை, இலியடில் 1, 6, 24ஆம் காண்டங்கள். 24இல், மகனைக் கொன்றவனின் கையையே முத்தமிட்டு மகனின் உடலைக் கேட்கிறான் ட்ராயின் கிழட்டு அரசன் ப்ரையம். அவசரம் இல்லாத ஒரு நாளில் படியுங்கள். பிறகு யூரிப்பிடிஸின் மிடியா நாடகம், கி.மு. 431. அப்பல்லோடோரஸ் பெயரில் உள்ள புராணத் தொகுப்பைத் தொடர்ந்து படிக்க முயல வேண்டாம், அகராதி மாதிரிப் புரட்டினால் போதும். இவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பெர்சியஸ் (Perseus), தியோய் (Theoi) இணையதளங்களில் இலவசம்.

பன்னிரண்டு பேர் யார் யார் என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்ப வரிசையில் மதுக் கடவுள் டயோனிசஸ் உட்கார்ந்திருக்கிறான், அடுப்புத் தெய்வம் ஹெஸ்டியாவைக் காணோம். வேறு பட்டியல்களில் அவள் இருப்பாள். ஹேடிஸ் வீடு பாதாளத்தில் என்பதால் கடவுள்கள் வாழும் ஒலிம்பஸ் மலையின் கணக்கில் வழக்கமாக வரமாட்டான்.

இன்னொன்று. உங்கள் பாடத்தில் உள்ள ஆங்கிலக் கவிஞர்களில் பலர் ரோமானியப் பெயர்களையே போடுவார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சியூஸ் ஜூபிடர், ஹீரா ஜூனோ, அதீனா மினர்வா, அஃப்ரோடைட்டி வீனஸ், பெர்சிஃபோனி ப்ராசர்பினா என்று இரண்டு பத்தியாக எழுதிவிடுங்கள். அப்போலோவுக்கு மட்டும் அந்த வேலை இல்லை, அவன் ரோமிலும் அப்போலோதான்.