அது மட்டும் பொய் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 34. பள்ளி நாட்களில் டிவியில் பார்த்த, சூப்பர் ஹீரோக்கள் ஓர் அணியாகச் சேரும் ‘ஜஸ்டிஸ் லீக்’ கார்ட்டூனைப் போன மாதம் என் பத்து வயது மகனோடு உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தேன். காதல் காட்சி வந்தாலே அவன் ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடுகிறான். அதுவும் சரிதானே என்று படுகிறது. சூப்பர் ஹீரோ கதையில் காதல் தேவையில்லாத ஆணி அல்லவா? சூப்பர்மேன் இருக்கும்போது வொண்டர் வுமன் ஏன் பேட்மேன் பின்னால் போகிறாள்? ஜப்பானிய அனிமேக்களில் இதையெல்லாம் இன்னும் நன்றாகச் செய்கிறார்களே? இன்னொன்று. தனக்கும் ஷயேராவுக்கும் (அதுதான், ஹாக்கேர்ல்) வருங்காலத்தில் ஒரு மகன் பிறந்திருக்கிறான் என்று தெரிந்த பிறகும் கிரீன் லான்டர்ன் ஜான் ஸ்டூவர்ட் அவளிடம் திரும்பிப் போகாதது சரியா? வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர்கள் பிரிகிற ‘ஸ்டார்கிராஸ்ட்’ அத்தியாயங்களின் முடிவில் அழுதுவிட்டேன்.

கே.

*

அன்புள்ள கே.,

ஆணி தேவையில்லாதது என்கிறீர்கள். கடிதத்தின் கடைசி வரியிலேயே அது குத்தி ரத்தம் வந்ததாக எழுதுகிறீர்கள். அழுததற்கு வெட்கப்பட வேண்டாம். அந்த ‘தேவையில்லாத ஆணி’க்குக் கொஞ்சம் வெட்கப்படலாம்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். அனிமே பற்றிச் சண்டை போடும் அளவுக்கு நான் பார்த்ததில்லை. சூப்பர்மேனுக்கு லோயிஸ் லேன் இருக்கிறாள். வொண்டர் வுமனுக்கு, அதாவது டயானாவுக்கு, பேட்மேனைப் பிடித்திருக்கிறது, இதற்கெல்லாம் காரணம் கேட்டால் எப்படி? தன்னை ஏன் விரும்பக்கூடாது என்று பேட்மேனே 2004-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் மூன்று காரணம் அடுக்குகிறார். ஒரே அணிக்குள் காதல் உருப்படாது. அவள் சாவில்லாத வீராங்கனைகளின் இளவரசி, தான் மனச்சிக்கல் பிடித்த ஒரு பணக்கார வீட்டுப் பையன். அப்புறம், எதிரிகள் அவள் மூலம் தன்னை வந்து அடிப்பார்கள். டயானா பக்கத்திலிருக்கும் கல் சிலையின் தலையை ஒரு கையால் உடைத்துவிட்டு, அடுத்த காரணம் என்ன என்பதுபோல் பார்க்கிறாள். அதே அத்தியாயத்தில் சூனியக்காரி ஒருத்தி டயானாவைப் பன்றிக்குட்டியாக்கிவிட, அவளை மீட்க இதே மனிதர் மேடையேறி 1929-இல் வந்த ஒரு சோகப் பாட்டைப் பாடுகிறார். ஊரறிய. மூன்று காரணமும் அங்கேயே போயிற்று.

இப்போது உங்கள் மகனின் ரிமோட்டுக்கு வருகிறேன். தொடர் 2001 நவம்பரில் தொடங்குகிறது. ஏழு பேரில் ஷயேரா முகமூடி போட்டவள், கையில் கதாயுதம், எதற்கெடுத்தாலும் அடி. அவளுக்கும் ஜானுக்கும் நடுவில் சண்டையும் கிண்டலுமாகத்தான் ஓடுகிறது. 2003 டிசம்பரில் ‘வைல்ட் கார்ட்ஸ்’ வருகிறது. ஜோக்கர் லாஸ் வேகாஸில் வெடிகுண்டுகளை ஒளித்துவைத்து, அதையே நேரலை நிகழ்ச்சியாக நடத்துகிறான். அது முடிந்த பிறகு, அடிபட்டுக் கிடக்கும் ஜானின் முன்னால் அவள் முகமூடி கழல்கிறது. முத்தம். சில விநாடிதான். அடுத்த மே மாதம் ‘ஸ்டார்கிராஸ்ட்’, மூன்று அத்தியாயம். அவளுடைய இனமான தானகாரியரின் படை பூமிக்கு வந்து இறங்குகிறது. அதன் தளபதி அவளுக்கு நிச்சயம் செய்யப்பட்டவன். அவள் வந்ததே உளவு பார்க்க. அவர்கள் கட்டுகிற விண்வெளிப் பாதைக்காகப் பூமியே அழியப்போகிறது என்று தெரிந்ததும் அவள் தன் இனத்தைக் காட்டிக்கொடுக்கிறாள். பேட்மேன் தங்கள் அணியின் விண்வெளிக் கோட்டையையே கொண்டுபோய் அந்தக் கட்டுமானத்தின்மேல் மோதுகிறார்.

அந்தச் சில விநாடியை ஓட்டிவிட்ட பையனுக்கு இந்த மூன்று அத்தியாயமும் வெறும் தீபாவளிப் பட்டாசு. அவன் சின்னப் பையன், தெரியாமல் ஓட்டுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிய உங்களை என்ன சொல்வது?

சரி, உங்கள் கடிதத்துக்கு நான் உடனே உட்கார்ந்து எழுதக் காரணம் வேறு. ‘ஸ்டார்கிராஸ்ட்’டின் கடைசிக் காட்சி சில வாரமாகவே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஷயேராவை அணியில் வைத்துக்கொள்வதா என்று மற்றவர்கள் வாக்கெடுத்திருக்கிறார்கள். முடிவைக் கேட்காமலே அவள் விலகிவிடுகிறாள். வெளியே ஜானிடம், ஆங்கிலத்தில், ஐ லவ் யூ என்கிறாள், அதில் மட்டும் தான் பொய் சொல்லவில்லை என்கிறாள், பறந்துவிடுகிறாள். இதைத் தமிழில் எப்படிச் சொல்ல வைப்பது?

நான் சில வருடம் கார்ட்டூன்களுக்கு டப்பிங் வசனம் எழுதிப் பிழைத்தவன். இந்தத் தொடர் இல்லை, வேறு சில்லறைத் தொடர்கள். ஒரு அத்தியாயம் சுமார் 22 நிமிடம். வாயசைவுக்குள் அடங்கவேண்டும். ம, ப வருகிற இடத்தில் பொம்மையின் உதடு மூடியிருக்க வேண்டும். அந்தத் தொடரின் குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ, நடிகர்களைக் கூடுமானவரை ஒரே அறையில் சேர்த்து உட்காரவைத்துப் பதிவு செய்பவர். அதனால்தான் ஜானும் ஷயேராவும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுப் பேசுவதுபோல இருக்கிறது. நாங்கள் வேலை செய்த இடத்தில் கதாநாயகன் காலையில் வந்து பேசிவிட்டுப் போவான், நாயகி மறுநாள் மாலை வருவாள்.

ஒருநாள் ஒரு ரோபோ ஒரு சிறுமியை விட்டுப் பிரிகிற காட்சி. நான் “நான் உன்னை நேசிக்கிறேன், என்னை மறந்துவிடாதே” என்று எழுதியிருந்தேன். ரோபோவுக்குக் குரல் கொடுத்தவரை எல்லோரும் அக்கா என்போம், ஐம்பது வயது, சின்னப் பையன்களின் குரல் அவருக்குக் கைவந்த கலை. ஏசிக்காக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காதில் ஹெட்போனோடு, இரண்டு டேக் முயன்றார். மூன்றாவதில் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“சார், இத என் வீட்டுக்காரர்கிட்ட நான் ஒரு தடவகூட சொன்னதில்ல. தகர டப்பா எப்படி சார் சொல்லும்?”

எனக்குக் கோபம். பிறகு எழுத்தாளராகப் போகிறவன் அல்லவா. அப்படியானால் நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார், ரெகார்டிஸ்ட் படத்தை ஓடவிட்டார். அக்கா சொன்னது: “இங்க பாரு… மறந்துடாத.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெகார்டிஸ்ட் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். அதுவே டேக்.

‘இங்க பாரு’ என்பது திட்டுவதற்கும் சொல்வது, கொஞ்சுவதற்கும் சொல்வது. அம்மா அடிக்கும் முன்னாலும் அதைத்தான் சொல்வாள், காய்ச்சலில் கிடக்கும்போது நெற்றியைத் தொட்டும் அதைத்தான் சொல்வாள். ‘நேசிக்கிறேன்’ கடிதத்தில் எழுதுகிற சொல். ‘காதலிக்கிறேன்’ கோர்ட்டில் சாட்சி சொல்வது மாதிரி இருக்கிறது. (சங்க இலக்கியத்தை இழுக்கப்போவதில்லை, பயப்படாதீர்கள்.) ஷயேரா சொல்வதில் தமிழுக்கு வேண்டியது பின்பாதி மட்டும்தான். “அது மட்டும் பொய் இல்ல.” எது என்று ஜான் கேட்கமாட்டார். நாமும் கேட்கமாட்டோம்.

அந்தக் காட்சியில் ஜான் எங்கே போகப்போகிறாய் என்று வேறு கேட்கிறார். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்காதே என்று என் பாட்டி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ஷயேராவும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவில்லை. அடுத்த தொடரில் பார்த்தால் ஜான் மொட்டை அடித்து ஆட்டுத்தாடி வைத்திருக்கிறார். காதல் தோல்விக்குத் தாடி என்பது நம்மூர்ச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கேள்வி. ஆமாம், மகன், வார்ஹாக். 2005-இல் வந்த அத்தியாயத்தில் வருங்காலத்துக்குப் போன ஜான் அவனை நேரில் பார்க்கிறார், பெயர் ரெக்ஸ் ஸ்டூவர்ட். அதற்கு அடுத்த வருடம் ஷயேராவிடம் அதைச் சொல்லியும் விடுகிறார். ஆனால் விதி ஆட்டுகிறபடி ஆடமாட்டேன் என்று புதுக் காதலி விக்ஸனோடு இருந்துவிடுகிறார். சரியா என்றால், சரி. பிறக்கப்போகிற பிள்ளைக்காக என்று ஒருவன் திரும்பி வந்து நின்றால் ஷயேரா கதாயுதத்தைத்தான் எடுப்பாள், எடுக்கவும் வேண்டும். அவளுக்காக வருவது வேறு. அதைத் தொடர் காட்டாமலே முடிந்துவிட்டது, அதில் எனக்கும் வருத்தம் உண்டு.

நேற்று அந்தக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ‘ஐ லவ் யூ’ இருக்கும் இடத்தில் அக்காவின் ‘இங்க பாரு’வைப் போட்டுப் பார்த்தேன். “இங்க பாரு, ஜான்… அது மட்டும் பொய் இல்ல.” நீளம் சரியாக இருக்கிறது. ஆனால் ‘பா’வுக்கு உதடு மூடவேண்டும். ‘லவ்’வில் மூடுவதில்லை, பல்தான் உதட்டைத் தொடுகிறது. ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், இடிக்கிறது. நீங்களும் உங்கள் பையனும் அந்த இடத்தை ஒருமுறை ஓட்டாமல் பாருங்கள். வேறு சொல் ஏதாவது அகப்பட்டால் எழுதுங்கள்.