கல் பொறுக்குவதற்கா இத்தனை படிப்பு?

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளிப் படிப்பை முடிக்கப் போகும் மகள் நிலவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "கல் பொறுக்குவதற்கா இத்தனை வருஷம் படிக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டீர்கள். இரண்டு நாளாக அவள் உங்களோடு பேசவில்லை. கேள்வி கிண்டலாக வந்திருக்கிறது, ஆனால் அடியில் இருப்பது பயம்தான். வேலை கிடைக்குமா? பெண் பிள்ளை மலையிலும் காட்டிலும் அலைய வேண்டுமா? இந்த இரண்டுக்கும்தானே பதில் வேண்டும்?

"நிலவியலில் வேலை உண்டா" என்ற கேள்விக்கு என்னால் ஒரே பதில் சொல்ல முடியாது. பாறை, தொல்லுயிர் எச்சம், நிலப்பிளவு, கடலடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஒரே படிப்பு என்றாலும் நான்கு விதமான பிழைப்பு. உங்கள் மகள் மனதில் இருப்பது எது என்று கேட்டீர்களா? பெரும்பாலும் அவளுக்கே இன்னும் தெரியாது, அதில் தப்பில்லை.

பாறையிலிருந்து தொடங்குகிறேன், வேலை அதிகம் இருப்பது அங்கேதான். சுரங்கம், நிலத்தடி நீர், அணை, சுரங்கப்பாதை என்று எதை எடுத்தாலும் முதலில் கீழே என்ன பாறை என்று யாராவது சொல்ல வேண்டும். சுத்தியலோடு மலையேறுவது இதில் ஒரு பகுதிதான். கொண்டு வந்த கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது இன்னொரு பகுதி. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் மலையில் கிடைத்த சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளில் சில 440 கோடி ஆண்டு பழையவை. ஒரு மணல் துகளுக்கு மேல் பெரிதில்லை. அவற்றின் வயது தெரிந்தது மலை ஏறியதால் மட்டும் அல்ல, காலப்போக்கில் ஈயமாக மாறும் யுரேனியத்தையும் அந்த ஈயத்தையும் ஆய்வகத்தில் அளந்ததால். ஆக, வேதியியல் பிடித்த பிள்ளைக்கு இங்கே நல்ல இடம் உண்டு.

புதிதாகத் திறந்திருக்கும் கதவு ஒன்றையும் சொல்கிறேன். ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் என்ற திட்டத்தில் கரியமில வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டே ஆண்டுக்குள் அதில் 95 சதவீதத்துக்கும் மேல் கல்லாகவே மாறிவிட்டது என்று 2016இல் அறிவித்தார்கள். எந்தப் பாறையில் செலுத்தலாம், எங்கே கசியும் என்று சொல்வதற்கு நிலவியலாளர் இல்லாமல் முடியாது.

தொல்லுயிர் எச்சங்களைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டைனோசர் எலும்பைத் தேடும் ஆய்வு வேலைகள் உலகம் முழுக்கவே குறைவு, போட்டி கடுமை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத எச்சங்களின் கதை வேறு. கோனோடான்ட் என்று ஒன்று உண்டு. எப்போதோ அழிந்துபோன, விலாங்கு போன்ற ஒரு கடல் உயிரியின் பல் போன்ற உறுப்புகள். பாறை பூமிக்குள் எவ்வளவு சூடேறியதோ அதற்கேற்ப அவை வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். அந்த நிறத்தை வைத்தே இந்தப் பாறையில் எண்ணெய் உருவாகியிருக்குமா, அல்லது சூடு மிஞ்சி வீணாகியிருக்குமா என்று சொல்லிவிடலாம். ஆசையும் சம்பளமும் ஒன்றாகச் சேரும் இடம் இது. அதற்காக எலும்பு தேடுபவர்கள் குருட்டாம்போக்கில் தோண்டுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டிக்டாலிக் என்ற கால் முளைக்கத் தொடங்கிய மீனைத் தேடியவர்கள், சரியான வயதுள்ள ஆற்றுப் படிவுகள் எங்கே வெளியே தெரிகின்றன என்று வரைபடத்தில் பார்த்துத்தான் கனடாவின் எல்லெஸ்மியர் தீவுக்குப் போனார்கள். 1999இல் அந்தப் பகுதியில் தேடலைத் தொடங்கியவர்களுக்கு அது கிடைத்தது 2004இல். ஐந்து வருஷம் பொறுக்கும் மனசு வேண்டும், அவ்வளவுதான்.

இனி நிலப்பிளவு, அதாவது பாறை உடைந்து இரு பக்கமும் நழுவும் இடம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நிறையப் பிள்ளைகள் "நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் இதற்குள் வருகிறார்கள். கலிஃபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் பார்க்ஃபீல்டு என்ற சிற்றூர் இருக்கிறது. 1857 முதல் 1966 வரை சராசரியாக 22 ஆண்டுக்கு ஒரு முறை அங்கே நடுத்தர நிலநடுக்கம் வந்தது. அடுத்தது 1993க்குள் வந்துவிடும் என்று கணித்து, ஊரைச் சுற்றிக் கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 2004இல். கணிப்பு பொய்த்தது, ஆனால் அத்தனை கருவிகளும் அதைப் பதிவு செய்தன. என்ன நாள், என்ன நேரம் என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் சொல்வது, இந்தப் பிளவு எவ்வளவு பெரிய நடுக்கத்தைத் தரக்கூடியது, முன்பு எத்தனை முறை தந்தது என்பதுதான். கட்டடம் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் விதி எழுதுகிறார்கள். காப்பீட்டு நிறுவனங்களும் இந்தக் கணக்குக்காக ஆட்களை எடுக்கின்றன, பலருக்கு இது தெரிவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், உப்புச் சேற்றில் செத்து நிற்கும் செடார் மரக் கூட்டங்கள் உண்டு. நிலம் திடீரென்று தாழ்ந்து, கடல் நீர் வேருக்கு வந்து மரங்கள் செத்திருக்கின்றன. வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, 1699ஆம் ஆண்டு வளர்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் உயிர் போயிருக்கிறது என்று தெரிந்தது. கடலுக்கு அப்பால் ஜப்பானில், 1700 ஜனவரி இறுதியில் எந்த நிலநடுக்கமும் உணரப்படாமல் ஒரு சுனாமி வந்து போனதாகப் பழைய குறிப்புகள் இருந்தன. இரண்டையும் சேர்த்தார்கள். 1700 ஜனவரி 26 இரவு, காஸ்கேடியா எனப்படும் அந்த அமெரிக்கக் கரையில் ஏறக்குறைய 9 அளவில் ஒரு நிலநடுக்கம் என்று முடிவானது. எழுதி வைக்க அந்தக் கரையில் ஆள் இல்லாத ஒரு இரவை மரமும் சேறும் பழைய கணக்கேடுகளும் சேர்ந்து திருப்பிக் கொடுத்தன. உங்கள் மகள் துப்பறியும் கதை படிப்பவள் என்றால் இந்தப் பத்தியை அவளிடம் காட்டுங்கள்.

சரி, பெண் பிள்ளை என்ற கவலைக்கு வருகிறேன். மேரி தார்ப் என்பவருடைய கதையைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். நிலவியலோடு கணிதத்திலும் பட்டம் வாங்கியவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமன்ட் ஆய்வகத்தில் சேர்ந்தபோது, பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற விடவில்லை. ஆண்கள் கடலில் போய் ஆழம் அளந்து எண்களைக் கொண்டு வருவார்கள், இவர் மேசையில் உட்கார்ந்து அவற்றை வரைபடமாக்குவார். அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் நீளமாக ஒரு பள்ளத்தாக்கு இருப்பதை 1952இல் அவர்தான் கண்டார். கடலடி அங்கே இரண்டாகப் பிரிகிறது என்று அர்த்தம். உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் அதைப் "பெண்பிள்ளைப் பேச்சு" என்று தள்ளினார். பக்கத்து மேசையில் வேறொருவர் கடலடி நிலநடுக்கங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது, நடுக்கங்கள் வரிசையாக அந்தப் பள்ளத்தாக்கிலேயே விழுந்தன. அப்புறம் பேச்சுக்கே இடமில்லை. தார்ப்பும் ஹீசனும் சேர்ந்து உருவாக்கிய உலகக் கடலடி வரைபடம் 1977இல் வெளிவந்தது.

இன்று ஆய்வுக் கப்பல்களில் பெண்கள் தலைமை ஏற்கிறார்கள். கள வேலைக்குத் தனியாக அனுப்புவது முறையும் அல்ல, குழுவாகத்தான் போவார்கள். ஆனாலும் எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். கடலடித் துளையிடும் கப்பலில் இரண்டு மாதம் கரையே தெரியாது, தினம் 12 மணி நேர ஷிஃப்ட், கூடவே குமட்டல். இருந்தாலும் அங்கே கிடைக்கும் விஷயம் அப்படி. 2011இல் ஜப்பானின் தோஹோகு நிலநடுக்கத்துக்குக் காரணமான பிளவை அடுத்த ஆண்டே சிக்யூ என்ற கப்பல் தேடிப் போனது. ஏறக்குறைய 6,900 மீட்டர் ஆழ நீருக்குக் கீழே, கடலடியில் 800 மீட்டருக்கும் மேல் துளைத்து மாதிரி எடுத்தார்கள். 50 மீட்டர் அளவுக்கு நழுவிய அந்தப் பிளவு, ஐந்து மீட்டர் கனம்கூட இல்லாத வழுக்கலான களிமண் அடுக்கு.

இதன் மறுபக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1985 முதல் ஆய்வுக்காகக் கடலடியைத் துளைத்துவந்த ஜாய்டிஸ் ரிசல்யூஷன் கப்பலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் 2024இல் அதன் பயணங்கள் முடிந்தன. நிதி நின்றால் கப்பலும் நிற்கும். எண்ணெய்த் துறையும் அப்படித்தான்: 2014இல் விலை சரிந்தபோது நல்ல அனுபவசாலிகளே வேலை இழந்தார்கள். அதனால் நான் சொல்வது, மகள் ஒரே கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. இளநிலையில் பொதுவாகப் படிக்கட்டும். கூடவே கணிதம், புள்ளியியல், கொஞ்சம் நிரல் எழுதுவது, செயற்கைக்கோள் படங்களையும் வரைபட மென்பொருளையும் கையாளுவது, இவற்றைப் பழகட்டும். எண்ணெயில் வேலை போனவர் நிலத்தடி நீருக்கோ, கடலில் காற்றாலை நடுமுன் தரையைச் சோதிக்கும் வேலைக்கோ மாறுவதற்கு இவைதான் கைகொடுத்தன. கணக்கு வராது என்பதால் நிலவியல் எடுக்கிறாள் என்றால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள், அது தப்பான காரணம். ஆய்வுதான் வேண்டும் என்றால் முதுநிலை, முனைவர் பட்டம் என்று இன்னும் ஏழெட்டு ஆண்டு ஆகும். அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். வருஷத்துக்கு எத்தனை நாள் களப்பயிற்சி, பாறைச் சீவல் செய்யும் பட்டறை துறைக்குச் சொந்தமாக உண்டா, களத்தில் மாணவிகளோடு ஆசிரியை வருவாரா, கடந்த மூன்று ஆண்டு மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். வழியில் கிடக்கும் ஏதாவது ஒரு கல்லை எடுத்து, பெயர் சொல்லாமல், பார்ப்பதை மட்டும் அவள் ஒரு பக்கம் எழுதட்டும்: மணிகள் பெரிதா சிறிதா, ஒரே நிறமா, வரி ஓடுகிறதா, எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது. பத்து நாளில் பத்துக் கல். மூன்றாவது கல்லிலேயே நோட்டு மூலைக்குப் போய்விட்டால், அவளுக்குப் பிடித்தது நிலவியல் இல்லை, மலைப் படங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பத்தையும் முடித்துவிட்டால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள், எங்கே சேர்க்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.